மூன்றே முக்கால் அடி உயரம், 70 ஆண்டு கலை வாழ்க்கை: யார் இந்த பில்லி பார்ட்டி?

1978-ல் வெளிவந்த 'ஃபவுல் பிளே' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு காட்சி. உயரம் குறைந்த ஒருவனால் உன் உயிருக்கு ஆபத்து என்று கதாநாயகியை யாரோ எச்சரித்திருப்பார்கள். அதே நேரம் பார்த்து, பைபிள் விற்க வந்த ஓர் அப்பாவி மனிதர் அவர் எதிரே வந்து நிற்பார். உயரம் மூன்றே முக்கால் அடிதான். கொலைகாரன் இவன்தான் என்று நினைத்துக்கொண்டு கதாநாயகி கோல்டி ஹான் அவரைப் போட்டு வெளுத்து, ஜன்னல் வழியாக வெளியே தள்ளிவிடுவார். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

அடி வாங்கிய அந்த நடிகர்தான் பில்லி பார்ட்டி. அவரைப் பற்றி இன்னொரு விஷயம் உண்டு. உயரம் குறைந்தவர்களைக் கேலிப்பொருளாகப் பார்க்காதீர்கள் என்று சொல்ல அமெரிக்காவில் தேசிய அளவில் ஒரு சங்கத்தை ஆரம்பித்தவரும் இவரேதான். படம் வருவதற்கு 21 வருஷத்துக்கு முன்பே அந்தச் சங்கம் வந்துவிட்டது.

இது என்ன முரண்பாடு என்று தோன்றலாம். அவர் வாழ்க்கை முழுக்கவே இந்த முரண்பாடு கூடவே வந்தது. மேடையில் டிரம்ஸ் வாசித்தார், பாடினார், ஆடினார், சினிமாவில் நடித்தார், டிவியில் குழந்தைகளைச் சிரிக்க வைத்தார். ஆனால் அவருக்கு வேலை கொடுத்ததும் அந்த உயரம்தான், அவரை அவமானப்படுத்தியதும் அதே உயரம்தான்.

தலைகீழாகச் சுற்றிய சிறுவன்

1924 அக்டோபர் 25. பென்சில்வேனியா மாநிலத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருக்கும் மில்ஸ்போரோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். இயற்பெயர் வில்லியம் ஜான் பெர்ட்டன்செட்டி. சினிமாவுக்காக அந்தப் பெயர் 'பார்ட்டி' என்று சுருங்கியது.

அவருக்கு இருந்தது மரபணு சார்ந்த ஒரு வளர்ச்சிக் குறைபாடு. மருத்துவத்தில் 'கார்ட்டிலேஜ் ஹேர் ஹைப்போபிளேசியா' என்பார்கள். எலும்பு வளரும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு சரியாக வளராது. கை கால் குட்டையாகிவிடும். முடியும் மெல்லிசாக, அடர்த்தி இல்லாமல் இருக்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு இது வரும். அதனால் பெற்றோர் சாதாரண உயரத்திலேயே இருப்பார்கள். பார்ட்டி வீட்டிலும் அப்படித்தான்.

பில்லி சின்னப் பையனாக இருந்தபோதே குடும்பம் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தது. அவர் சினிமாவுக்கு வந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். தெருவில் ஒரு காமெடிப் படத்தின் ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. மூன்று வயது பில்லி தலையைத் தரையில் ஊன்றி, பம்பரம் மாதிரி சுற்றிக் காட்டினான். டைரக்டர் கையோடு வாய்ப்பு கொடுத்துவிட்டார். ஹாலிவுட் கதைகளில் கொஞ்சம் கை, கால், மூக்கு ஒட்ட வைப்பது வழக்கம்தான். ஆனாலும் 1920களின் கடைசியிலேயே அவர் கேமரா முன்னால் நின்றுவிட்டார் என்பது உண்மை.

அப்போது 'மிக்கி மெக்வயர்' என்ற குறும்பட வரிசை ரொம்பப் பிரபலம். அதில் குறும்புக்காரச் சிறுவனாக நடித்தவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான மிக்கி ரூனி. அவருடைய தம்பியாக வந்தது பில்லி. பார்ப்பவர்களுக்கு அது ஒரு கைக்குழந்தை. நடித்தவனுக்கோ வயது கூடிக்கொண்டே போனது. இதுதான் ஹாலிவுட் கண்டுபிடித்த முதல் லாபம். சொன்னதைப் புரிந்துகொண்டு நடிக்கிற, டைமிங் தெரிந்த ஒரு 'குழந்தை' கிடைத்துவிட்டது!

1933-ல் வெளியான 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933' படத்தில் இந்த வசதியை நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி எப்படிப் பயன்படுத்தினார் என்று இன்று பார்த்தால் கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். பூங்காவில் காதலர்கள் கொஞ்சிக்கொள்ளும் ஒரு பாட்டு. அதில் தள்ளுவண்டியிலிருந்து நழுவி ஓடும் குழந்தையாக பில்லி வருவான். பெண்கள் உடை மாற்றும் இடத்தின் திரையைத் தூக்கிப் பார்க்கப் போவான். தகரத்தில் செய்த உடை அணிந்திருக்கும் கதாநாயகியைப் பார்த்து விழிக்கும் கதாநாயகன் டிக் பவலின் கையில், டின் திறக்கும் கருவியை எடுத்துக் கொடுப்பான். அப்போது நடிகனுக்கு வயது எட்டு. அடுத்த வருஷமே ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் இறுகிவிட்டன. அதன்பிறகு இப்படி ஒரு காட்சியை யாரும் எடுத்திருக்க முடியாது.

1935-ல் ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' படமானபோது தேவதைக் கூட்டத்தில் 'மஸ்டர்ட்சீட்', அதாவது கடுகு என்ற பாத்திரத்தில் நடித்தார். அதே வருஷம் வந்த 'பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்திலும் நடித்தார். ஆனால் அவருடைய பகுதியில் பெரும்பாலானதை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

ஊர் ஊராகப் போன மூன்று பேர்

1930களின் நடுவில் பார்ட்டி சினிமாவை விட்டு மேடைக்குப் போனார். 'வாடவில்' என்பது அந்தக் காலத்து அமெரிக்காவின் பல்சுவை நிகழ்ச்சி. ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், மேஜிக், ஜோக், வித்தை என்று எல்லாம் இருக்கும். நம்மூர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சியைக் கொஞ்சம் கச்சிதமாக்கி, உள்ளரங்கத்தில் வைத்த மாதிரி.

'பில்லி பார்ட்டி அண்ட் சிஸ்டர்ஸ்' என்பது குழுவின் பெயர். ஒரு அக்கா தங்கை கூட்டணி பியானோவும் வயலினும் பார்த்துக்கொள்ள, பில்லி டிரம்ஸ் வாசித்து, பாடி, பிரபலங்களைப் போல நடித்துக் காட்டுவார். பேசும் படம் வந்து வாடவில் அரங்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியும் 1942 வரை குடும்பம் ஊர் ஊராகச் சுற்றியது. அவருடைய காமெடி டைமிங்குக்கு எல்லாரும் சினிமாவைக் காரணம் சொல்வார்கள். உண்மையில் அது இந்த மேடைகளில் விளைந்தது. தாளம் பிசகாத டிரம்மருக்கு ஜோக்கை எந்த இடத்தில் போட வேண்டும் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தச் சுற்றுப்பயணத்தால் அவர் கைவிட்டுப் போன ஒரு படமும் உண்டு. 1939-ல் வந்த 'தி விஸார்ட் ஆஃப் ஓஸ்'. 'மன்ச்கின்' என்ற குட்டி மனிதர்களாக நடிக்க உயரம் குறைந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்கா முழுக்கத் தேடிப் பிடித்துச் சேர்த்த படம் அது. ஹாலிவுட்டின் மிகப் பிரபலமான குட்டி நடிகர் மட்டும் அதில் இல்லை. ஆனாலும் அவர் அதில் நடித்ததாக நினைத்துக்கொண்டவர்கள் ஏராளம். 1981-ல் அந்தப் பட ஷூட்டிங்கைக் கேலி செய்து 'அண்டர் தி ரெயின்போ' என்று ஒரு படம் வந்தபோது அதில் நடித்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

வாடவில் முடிந்ததும் பார்ட்டி செய்த காரியம்தான் சுவாரசியமானது. கல்லூரியில் சேர்ந்து இதழியல் படித்தார். விளையாட்டுச் செய்தி எழுத வேண்டும், வர்ணனையாளர் ஆக வேண்டும் என்று ஆசை. எழுதுவதோடு நிற்கவில்லை, மைதானத்தில் இறங்கியும் விளையாடினார். ஆனால் சோறு போட்டது மறுபடியும் மேடைதான்.

வெடிச் சத்தமும் மெழுகுவர்த்தியும்

1950களில் அவர் சேர்ந்தது ஸ்பைக் ஜோன்ஸின் 'சிட்டி ஸ்லிக்கர்ஸ்' இசைக்குழு. இது சாதாரண இசைக்குழு இல்லை. உருக்கமான காதல் பாட்டை எடுத்து, நடுவில் துப்பாக்கி வெடிக்கும், மாட்டு மணி அடிக்கும், கார் ஹாரன் அலறும். அத்தனையும் தாளத்துக்குள் நிற்கும். கூத்தடிப்பது போலத் தெரியும், ஆனால் நல்ல வித்வான்கள் இல்லாமல் இதைச் செய்யவே முடியாது.

அங்கே பார்ட்டியின் பேர்போன அயிட்டம், லிபராச்சி. அந்தச் சமயம் டிவியில் கொடிகட்டிப் பறந்த பியானோ கலைஞர் அவர். மின்னும் உடை, சுருள் முடி, பியானோ மேல் மெழுகுவர்த்தித் தண்டு, எப்போதும் ஒரு இனிப்பான சிரிப்பு. விக் மாட்டிக்கொண்டு அதே சிரிப்போடு பார்ட்டி உட்கார்ந்தாலே அரங்கம் அதிர்ந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே ஜனங்கள் சிரித்தது உயரத்தைப் பார்த்து மட்டும் இல்லை. ஒரு பெரிய நட்சத்திரத்தின் பந்தாவை அவர் அவ்வளவு அச்சாகப் பிடித்திருந்தார். தன் உடம்பைச் சிரிப்பாக்காமல் இன்னொருவரின் பெருமையைச் சிரிப்பாக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்த அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

1957: ஒரே வருஷம், இரண்டு சம்பவம்

அந்த வருஷம் அக்டோபரில் 'ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்' டிவி தொடரில் 'தி கிளாஸ் ஐ' என்ற அத்தியாயம் ஒளிபரப்பானது. (கதை முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.)

தனிமையில் வாடும் ஒரு பெண், மேடையில் பொம்மையைப் பேச வைக்கும் அழகான கலைஞன் ஒருவன் மீது காதல் கொள்கிறாள். பல காலம் கடிதம் எழுதி, கடைசியில் அவனைச் சந்திக்கப் போகிறாள். மங்கிய வெளிச்சம். ஆசையில் அவனைத் தொட்டதும் அவன் சரிந்து விழுகிறான். அவன்தான் பொம்மை! மடியில் உட்கார்ந்திருந்த 'பொம்மை'தான் நிஜ மனிதன், உண்மையான கலைஞன். அந்த மனிதனாக நடித்தவர் பில்லி பார்ட்டி. தன் முகத்தோடு மேடைக்கு வந்தால் யாரும் காதலிக்க மாட்டார்கள் என்று தெரிந்த ஒருவன், ஒரு அழகான பொம்மையை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்ட கதை. இதை நடிக்க அவரை விடப் பொருத்தமான ஆள் இருந்திருக்க முடியாது.

இன்னொரு சம்பவம் டிவிக்கு வெளியே நடந்தது. உயரம் குறைந்தவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம் என்று அதே 1957-ல் நாடு முழுவதற்கும் ஓர் அழைப்பு விடுத்தார் பார்ட்டி. நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் கூட்டம். வந்தது சுமார் இருபது பேர். அவ்வளவுதான்.

இருபது பேர் என்றால் அற்பமாகத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் உயரம் குறைந்த ஒருவர் தன்னைப் போல இன்னொருவரை வாழ்நாளில் பார்க்காமலேயே போவது சர்வ சாதாரணம். சர்க்கஸிலோ சினிமாவிலோ இருந்தால்தான் சேர்ந்து இருப்பார்கள். கணக்கு எழுதுபவரோ, கடை வைத்திருப்பவரோ தனிமரம்தான். சட்டை எங்கே தைப்பது, கார் பெடல் எட்டாவிட்டால் என்ன செய்வது, முதுகெலும்பு வலிக்கு எந்த டாக்டரைப் பார்ப்பது, கல்யாணத்துக்குப் பெண் அல்லது மாப்பிள்ளை எங்கே தேடுவது என்று கேட்க ஆள் கிடையாது. ரீனோவில் அந்த ஆள் கிடைத்தார்.

சங்கத்துக்கு முதலில் வைத்த பெயர் 'மிட்ஜெட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. இன்று அந்தச் சங்கத்தின் உறுப்பினர்களே இந்தப் பெயரைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். 'மிட்ஜ்' என்றால் ஆங்கிலத்தில் கொசு மாதிரி ஒரு பொடிப் பூச்சி. அதிலிருந்து வந்த 'மிட்ஜெட்', காட்சிப்பொருளாக ஆட்களை நிறுத்திக் காசு வாங்கிய கண்காட்சிகளில் புழங்கிய வார்த்தை. அதிலும் கை கால் உடம்பு எல்லாம் அளவாகச் சிறுத்திருப்பவர்களுக்கு 'மிட்ஜெட்' என்றும், கை கால் மட்டும் குட்டையானவர்களுக்கு 'டுவார்ஃப்' என்றும் ஒரு பிரிவினை வேறு. கண்காட்சிக்காரர்கள் முந்தையவர்களை 'அழகு' என்று உயர்த்தி, பிந்தையவர்களைக் கோமாளி வேலைக்குத் தள்ளினார்கள். பார்ட்டி இரண்டாவது வகை.

1960-ல் பெயரை மாற்றினார்கள்: 'லிட்டில் பீப்பிள் ஆஃப் அமெரிக்கா'. எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர். எந்த உடலமைப்பாக இருந்தாலும் உயரம் 4 அடி 10 அங்குலத்துக்குள் இருந்தால் உறுப்பினராகலாம் என்பது அளவுகோல்.

டாக்டர்களுக்கும் இந்தச் சங்கம் ஒரு கதவைத் திறந்துவிட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மரபணு மருத்துவத்துக்கு அடித்தளம் போட்ட விக்டர் மெக்குசிக், 1960களில் சங்கத்தின் கூட்டங்களுக்கே வந்து உறுப்பினர்களைச் சந்தித்தார். பார்ட்டிக்கு இருந்த குறைபாட்டுக்கு ஒரு பெயர் வைத்து, ஆமிஷ் சமூகத்தில் அது பரவலாக இருப்பதை 1965-ல் விவரித்தவரும் அவர்தான். அதாவது, தன் உடம்பில் என்ன கோளாறு என்று மருத்துவம் தெளிவாக எழுதிவைப்பதற்குள் பார்ட்டிக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

மார்மன் குடும்பம், குழந்தைகள் டிவி

1960களின் தொடக்கத்தில் பார்ட்டிக்குத் திருமணம் நடந்தது. மனைவியும் உயரம் குறைந்தவர். ஐடஹோ மாநிலத்தின் மாலட் என்ற ஊர்க்காரர். யூட்டா எல்லையை ஒட்டிய அந்த ஊர், வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த மார்மன்கள் குடியேறிய இடம்.

மார்மன் என்பது 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய கிறிஸ்தவ வழிச் சபை. முழுப்பெயர் 'பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை'. தலைமையிடம் சால்ட் லேக் சிட்டி. மது, புகையிலை மட்டும் இல்லை. டீ, காபி கூடக் கூடாது. குடும்பத்துக்கு முதலிடம். பார்ட்டியும் அந்தச் சபையின் உறுப்பினராக வாழ்ந்தவர். கணவன் மனைவிக்கு இரண்டு பிள்ளைகள்.

இதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டிவியில் 'பில்லி பார்ட்டிஸ் பிக் ஷோ' என்று குழந்தைகளுக்கான நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். பெயரிலேயே ஒரு குசும்பு. அந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு அவர் தங்கள் உயரத்திலேயே இருக்கும் ஒரு மாமா.

பிறகு சிட், மார்ட்டி கிராஃப்ட் சகோதரர்களின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சிகள் வந்தன. 1973-ல் தொடங்கிய 'சிக்மண்ட் அண்ட் தி ஸீ மான்ஸ்டர்ஸ்' தொடரில், பாசிபடிந்த குட்டிக் கடல் பூதமான சிக்மண்டாக வந்தார். ஒரு தலைமுறையே அந்தப் பூதத்தை நேசித்தது. ஆனால் உள்ளே இருந்தவரின் முகம் வெளியே தெரியாது. கனமான ரப்பர், ஸ்பாஞ்ச் உடைக்குள், ஸ்டுடியோ விளக்குச் சூட்டில் வெந்துகொண்டே காமெடி பண்ண வேண்டும். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்த, மூட்டுத் தொந்தரவு சகஜமான உடம்பு அது. இந்த வேலைக்கு ஆஸ்கர் எல்லாம் கிடையாது.

முகம் தெரிந்து, ஆழமாக நடிக்கக் கிடைத்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். டிவியில் 'பீட்டர் கன்' தொடரில் பில்லியர்ட்ஸ் சூதாடியாகவும் துப்பறிவாளருக்குத் தகவல் தருபவராகவும் வந்த 'பாபி' பாத்திரம் ஒன்று. 1975-ல் ஜான் ஷ்லெசிங்கர் இயக்கிய 'தி டே ஆஃப் தி லோகஸ்ட்' இன்னொன்று. ஹாலிவுட்டின் ஓரத்தில் பிழைக்கும் தோற்றுப்போன மனிதர்களின் கதை அது. அதில் எடுத்ததற்கெல்லாம் சண்டைக்கு நிற்கும், சேவல் சண்டைக்கு உயிரைக் கொடுக்கும் ஏப் குசிச்சாக பார்ட்டி வருவார். அழகான மனிதனும் இல்லை, பரிதாபப்பட வேண்டிய மனிதனும் இல்லை. கோபக்காரன், அவ்வளவுதான். உயரம் குறைந்த ஒரு நடிகருக்கு எழுத்தாளர்கள் கோபத்தைக் கொடுப்பதே அபூர்வம்.

பிழைப்பா, மானமா?

மறுபடி 'ஃபவுல் பிளே' காட்சிக்கு வருவோம். சங்கம் ஆரம்பித்தவர் இப்படி ஒரு காட்சியில் நடிக்கலாமா?

சங்கத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருந்தது. சினிமா, சர்க்கஸில் பிழைப்பவர்கள் ஒரு பக்கம். அலுவலகத்துக்குப் போகும்போது, சர்க்கஸில் வேலை பார்க்கிறீர்களா என்று தினமும் கேட்கப்பட்டு நொந்துபோனவர்கள் இன்னொரு பக்கம். 1980களில் மதுக்கடைகளில் உயரம் குறைந்தவர்களைத் தூக்கி மெத்தை மேல் வீசிப் போட்டி நடத்தும் கேவலமான வழக்கம் பரவியபோது இது உச்சத்துக்குப் போனது. சங்கம் கடுமையாக எதிர்த்தது. 1989-ல் ஃபுளோரிடாவும் 1990-ல் நியூயார்க்கும் அதைத் தடை செய்தன. எங்கள் பிழைப்பில் மண் போடாதீர்கள் என்று தடையை எதிர்த்தவர்களும் உயரம் குறைந்தவர்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

பார்ட்டி இந்த இரண்டு பக்கத்திலும் கால் வைத்து நின்றவர். அவரைச் சும்மா புகழ்வது சரியாகாது. 1984-ல் வந்த 'நைட் பேட்ரோல்' மாதிரி மட்டமான காமெடிகளிலும் அவர் இருக்கிறார். அதில் அவர் வேலையே நாகரிகக் குறைவான சத்தங்களை வைத்துச் சிரிப்பு காட்டுவதுதான். அதே சமயம் அடி வாங்கி, தூக்கி எறியப்பட்டு, ரப்பர் முகமூடி மாட்டிச் சேர்த்த புகழை வைத்துத்தான் அவர் பேசியதைப் பத்திரிகைகள் எழுதின. 1975-ல் தன் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை தொடங்கினார். அதற்கு நிதி சேர்க்க நடத்திய கோல்ஃப் போட்டிகளுக்கு நட்சத்திரங்கள் வந்ததும் அதே புகழால்தான். லிஃப்ட் பட்டன், பொதுத் தொலைபேசி, வங்கிக் கவுன்டர் எல்லாம் எட்டாத உயரத்தில் இருப்பதைப் பற்றி அவர் விடாமல் பேசினார். 1990-ல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. பொது இடங்களில் கைக்கு எட்டும் உயரம் என்ன என்பதற்கு அதன் பிறகுதான் அங்கே தேசிய அளவில் ஓர் அளவு வந்தது.

கடைசிக் காலப் படங்களில் இரண்டைப் பார்க்கலாம். 1988-ல் ரான் ஹோவார்டு இயக்கிய 'வில்லோ'வில் கதாநாயகனே உயரம் குறைந்தவர்: வார்விக் டேவிஸ். உயரம் குறைந்த நடிகர்கள் ஏராளமாகத் திரண்ட அந்தப் படத்தில், கிராமத்தின் மந்திரவாதிப் பெரியவர் ஹை ஆல்ட்வின் பார்ட்டிதான். சீடனைத் தேர்ந்தெடுக்க அவர் விரல்களை விரித்துக் காட்டி, உலகை ஆளும் சக்தி எந்த விரலில் இருக்கிறது என்று சோதிப்பார். மூன்று பேரும் அவருடைய விரல்களையே காட்டித் தோற்பார்கள். சரியான பதில், அவரவர் சொந்த விரல்.

இன்னொன்று 1989-ல் வந்த 'யுஹெச்எஃப்'. அதில் டிவி கேமராமேனாக வருகிறார். அவர் எடுக்கும் காட்சியில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ராட்சசர்கள் மாதிரி தெரிவார்கள். ஜோக் என்னவோ உயரத்தைப் பற்றியதுதான். ஆனால் அந்த ஒரு ஷாட்டில் பார்ப்பவர்கள் உலகத்தைப் பார்ப்பது மூன்றே முக்கால் அடியிலிருந்து.

2000 டிசம்பர் 23 அன்று, கலிஃபோர்னியாவின் கிளென்டேல் நகரில் பார்ட்டி இறந்தார். வயது 76. சங்கம் இப்போதும் ஆண்டுதோறும் தேசிய மாநாடு நடத்துகிறது. உறுப்பினர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ரீனோவில் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட அந்த முதல் பெயரில் இருந்த வார்த்தையை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று 2015-ல் அதே சங்கம் பகிரங்கமாக அறிக்கை விட்டது.